வருத்தத்தை மறைக்காதீர்கள், எழுத்தில் வையுங்கள்

லிந்துலைப் பக்கத் தோட்டங்களில் வலிப்பு இருக்கிறவர் அதை முதலில் மறைப்பது கங்காணியிடம்தான். சொன்னால் அரைப்பேர் போடுவார்கள், மலைக்கு விடமாட்டார்கள், பிள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது. பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மறைத்த வருத்தத்துக்கு மருந்தும் கிடையாது, சட்டத்தின் துணையும் கிடையாது.

வலிப்பிலிருந்தே தொடங்குவோம். மூளை நரம்புகளின் மின் ஓட்டம் திடீரெனத் தாறுமாறாவதால் வருவது அது. பேயும் இல்லை, தொற்றும் இல்லை. மாத்திரையை ஒழுங்காகக் குடித்தால் பத்தில் ஏழு பேர் வரைக்கும் வலிப்பு அடங்கிவிடும். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் அதற்குக் காசு இல்லை. கொஞ்சக் காலம் வராமல் இருந்ததும் "இனி எதற்கு?" என்று தானாக நிறுத்துகிறார்களே, அதுதான் ஆபத்து. வலிப்பு கட்டுப்பாட்டில் இருப்பவர் கொழுந்து எடுக்கலாம், பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யலாம். செங்குத்தான மலை, ரோலர் மெஷின், லொறி ஓட்டுவது போன்றவை டொக்டர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். இந்த வேலை மாற்றத்தைப் பெரட்டில் நின்று கேட்பதைவிட, டொக்டரிடம் எழுதி வாங்கித் தோட்டக் கந்தோரில் கொடுப்பது நல்லது.

பக்கத்து நிரையில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடி ஓடாதீர்கள். தலையில் மாட்டியிருக்கும் கூடைக் கயிற்றைக் கழற்றுங்கள். வாயில் எதையும் வைக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிசனையும், வாகனம் வந்து நிற்கக்கூடிய ரோட்டையும் சொல்லுங்கள். முகம் ஒரு பக்கம் கோணி, கை துவண்டு, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். அதற்கு 5 நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

கொழுந்து எடுக்கும் பெண்கள் பொருட்படுத்தாத ஒன்று கை விறைப்பு. ராத்திரியில் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் விறைத்து எரிந்து, கையை உதறினால் லேசாகிறதா? மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறது. தைலம் தேய்த்தால் போகாது. ஆரம்பத்திலேயே போனால் ராத்திரியில் கட்டும் பட்டியே பலருக்குப் போதும். பெருவிரல் அடிச்சதை வற்றிய பிறகு போனால் கைப்பலம் முழுதாகத் திரும்புவது கஷ்டம். "கை வலிக்குது" என்று நிறுத்தாமல், நாளைக்கு எத்தனை மணித்தியாலம் கொழுந்து எடுக்கிறீர்கள் என்பதையும் டொக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள்.

மேடு ஏறும்போது மூச்சு வாங்கி, கண் இருட்டினால் இரத்தச்சோகையா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதில் ஒரு வேடிக்கை: நாம் வளர்க்கிற தேயிலையே சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. சாப்பாட்டோடு பிளேன்டீ வேண்டாம், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல், வேலைக்கு எழும்பவே முடியாமல் கிடந்தால் அது சோம்பலும் இல்லை, செய்வினையும் இல்லை. மனச்சோர்வு, மருந்தும் பேச்சு வைத்தியமும் உள்ள நோய். பூசாரியிடம் போவதென்றால் போங்கள், ஆனால் டொக்டரிடமும் போங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் காத்திருக்காமல் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள்.

இனிச் சட்டம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வேலையில் நேரும் விபத்துக்கும், அட்டவணையில் உள்ள தொழில்நோய்களுக்கும் நட்டஈடு தருகிறது. எல்லா வருத்தமும் அந்த அட்டவணையில் இல்லை. வருத்தத்தைக் காரணம் காட்டி நிறுத்தப் பார்த்தால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது: 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமின்றி நிரந்தரத் தொழிலாளியை நிறுத்த, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். ஆகவே கிளினிக் கொப்பியையும் மெடிக்கலையும் பத்திரமாக வைத்திருங்கள். வாசித்து விளங்காத எந்தக் கடதாசியிலும், யார் நீட்டினாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.