பில்ஜில் ஊறும் தண்ணீர்

கேள்வி: லங்காவியில் நிறுத்தியிருக்கும் 30 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை பில்ஜில் (படகின் அடிக்குழியில்) அரை வாளித் தண்ணீர் சேர்கிறது. நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. கரையேற்றி அடிப்பாகம் முழுக்க சீலன்ட் பூசச் சொல்கிறார் மெக்கானிக். பூசலாமா?
— வாசகர், பினாங்கு

பதில்: வேண்டாம். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பூசினால் காசுதான் கரையும்.

உப்புக் கரிப்பதால் மட்டும் அது கடல்நீர் ஆகிவிடாது. பழைய படகின் பில்ஜில் வருடக்கணக்காக உப்பு படிந்திருக்கும். மழைநீர் விழுந்தாலும் கரிக்கும். டீசல் கலந்த அந்தத் தண்ணீரை இனி வாயில் வைக்காதீர்கள். பில்ஜை நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசித் துடைத்துக் காயவிடுங்கள். புதிதாகச் சேரும் தண்ணீரில், குடிநீர் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டரை வையுங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. மலிவான மீட்டர் அதை அளக்க முடியாமல் திணறும். மழைநீர் என்றால் எண் மிகக் குறைவாக நிற்கும்.

அடுத்து, எப்போது சேர்கிறது என்று குறித்து வையுங்கள். மழைக்குப் பிறகு மட்டும் என்றால் டெக்கைப் பாருங்கள்: ஹேட்ச், கைப்பிடிக் கம்பிகளின் அடி, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் மாட்டிய செயின்பிளேட். இன்ஜின் ஓடும்போது என்றால் கடல்நீர் பம்பையும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் வெளியேறும் கிளாண்டையும் பாருங்கள். நார் அடைத்த பழைய வகை கிளாண்ட், ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விடுவது இயல்பே. சொட்டே கூடாதென்று முறுக்கினால் ஷாஃப்ட் சூடேறித் தேயும். படகு சாய்ந்து ஓடும்போது மட்டும் என்றால் பில்ஜ் பம்பின் வெளிக்குழாய் நீரில் மூழ்கி, கடலை உள்ளே இழுக்கிறதா என்று பாருங்கள். மழையும் இல்லை, ஓட்டமும் இல்லை, தண்ணீர் உப்பும் இல்லை என்றால் குடிநீர்த் தொட்டியில் உணவுச் சாயம் கொஞ்சம் விடுங்கள்; பில்ஜில் அந்த நிறம் தெரிந்தால் கசிவது தொட்டிதான்.

தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, தேங்கும் இடம் வேறு. விலா ஓரமாகப் பல அடி ஓடிவந்துதான் பில்ஜில் விழும். படகின் ஓட்டில் கடல்நீர் வழிகளை மூடும் ஒவ்வொரு வால்வுக்கும் ஹோஸ் இணைப்புக்கும் அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்து ஓரிரவு விடுங்கள். எது முதலில் நனைகிறதோ, அங்கிருந்து மேல்நோக்கித் தேடுங்கள்.

டெக் கசிவை உள்பக்கமிருந்து சிலிகான் பூசி அடைப்பதுதான் நான் காணும் மிக ஆபத்தான வேலை. சொட்டு நிற்கும், ஆனால் மேலிருந்து இறங்கும் நீர் செயின்பிளேட்டைச் சுற்றிச் சிறைப்பட்டு, காற்றுப் படாத அந்த இடத்தில் துருப்பிடிக்காத எஃகையே அரிக்கும். ஒருநாள் பாய்மரமே சாயலாம். பொருத்தியதைக் கழற்றி, பழைய சீலன்டைச் சுரண்டி, மேலிருந்து புதிதாக இட்டு மாட்டுங்கள்.

கரையேற்றுவதற்கும் நேரம் உண்டு. கீல் போல்ட்டுகளைச் சுற்றிக் கடல்நீர் கசிந்தாலோ, வால்வின் வெண்கலம் இளஞ்சிவப்பாக மாறியிருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். நீர்மட்டத்துக்கு 2 அடி கீழே ஓர் அங்குல ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு 60 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். சிறிய பம்புகள் அதற்கு ஈடுகொடுக்கா. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் ஓட்டையை அடைக்க அளவான மென்மரக் கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டி வையுங்கள். படகை விட்டு வீடு திரும்பும்போது வால்வுகளை மூடிவிட்டுப் போங்கள். பில்ஜ் பம்பின் மின்சாரத்தை மட்டும் அணைக்காதீர்கள்.