இருதய ஸ்கேன்: எக்கோ பரிசோதனைக்குச் செல்லும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

உங்களுக்கு ‘எக்கோ’ எடுக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியிருக்கிறாரா? பயப்பட வேண்டாம். இது அறுவை சிகிச்சை அல்ல. ஊசியோ மயக்க மருந்தோ இல்லை. எக்ஸ்ரேயில் உள்ள கதிர்வீச்சும் இதில் இல்லை. ஆனால் பயத்தினாலோ, “வயதானால் மூச்சு வாங்கத்தான் செய்யும்” என்ற எண்ணத்தினாலோ இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது ஆபத்தாக முடியலாம்.

எக்கோ என்றால் என்ன?

கருவுற்ற பெண்களுக்கு வயிற்றில் ஸ்கேன் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறையில் இருதயத்தைப் பார்ப்பதே எக்கோ. நம் காதுக்குக் கேட்காத ஒலி அலைகள் நெஞ்சுக்குள் சென்று, இருதயத்தில் பட்டுத் திரும்பி வருகின்றன. அந்த எதிரொலியைக் கணினி படமாக மாற்றித் திரையில் காட்டுகிறது. 1953ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் தொடங்கிய இந்த முறை இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது.

இ.சி.ஜி. இருதயத்தின் மின்னோட்டத்தைக் கோடுகளாகக் காட்டும். எக்கோ, இருதயம் துடிப்பதையே நேரடியாகக் காட்டும். அதனால் சிலருக்கு இரண்டுமே தேவைப்படும்.

எனக்கு ஏன் எக்கோ?

பின்வரும் காரணங்களில் ஒன்றுக்காக மருத்துவர் எக்கோ எடுக்கச் சொல்லலாம்:

• நடந்தால் அல்லது படுத்தால் மூச்சு வாங்குவது
• கால், கணுக்கால் வீக்கம்
• நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம்
• இருதயத்தில் வழக்கத்திற்கு மாறான சத்தம் கேட்பது
• நெடுநாள் இரத்த அழுத்தம் அல்லது இனிப்புநீர்
• மாரடைப்புக்குப் பிறகு இருதயத்தின் பலத்தை அறிவது

இனிப்புநீர் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். இனிப்புநீர் உள்ள சிலருக்கு இருதய நோய் இருந்தும் நெஞ்சு வலி தெரியாமல் போகலாம். மூச்சு வாங்குவதும் களைப்புமே அவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கும்.

போன தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளை மெதுவாகவேனும் ஏறி முடித்தவர், இந்த ஆண்டு 50 படியிலேயே நின்றுவிட்டால், வயதின் மீது பழி போடாமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

எங்கே எடுப்பார்கள்?

வழக்கமாக, உங்கள் வட்டார சுகாதாரக் கிளினிக் மருத்துவர் பரிந்துரைக் கடிதம் தந்து மருத்துவமனைக்கு அனுப்புவார். கிள்ளான் மக்கள் பெரும்பாலோர் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையை அறிவார்கள். பிரிக்பீல்ட்ஸ் மக்களுக்குக் கோலாலம்பூர் மருத்துவமனை பழக்கமானது. 1992இல் தொடங்கப்பட்ட தேசிய இருதயக் கழகம் (ஐ.ஜே.என்.) கோலாலம்பூரில் துன் ரசாக் சாலையில் உள்ளது. எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது உங்கள் சந்திப்பு அட்டையில் இருக்கும். அவசரமில்லாத ஸ்கேனுக்குக் காத்திருக்க நேரலாம். அதற்குள் மூச்சுத் திணறலோ வீக்கமோ அதிகமானால் அந்தத் தேதி வரை காத்திருக்காமல் கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.

புறப்படும் முன்

• வழக்கம்போல் சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம்.
• மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைக்கும் இது பொருந்தும்.
• அடையாள அட்டை, சந்திப்பு அட்டை, பரிந்துரைக் கடிதம், மருந்துப் பட்டியல், பழைய எக்கோ அறிக்கை ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள்.
• முன்புறம் திறக்கும் சட்டையும், கைலி அல்லது காற்சட்டையும் அணிவது எளிது.
• அன்று நெஞ்சில் தைலம், பவுடர் பூச வேண்டாம்.
• தாலிச் சங்கிலியைப் பெரும்பாலும் கழற்ற வேண்டியிருக்காது. ஓரமாக ஒதுக்கினால் போதும்.
• மலாயோ ஆங்கிலமோ சரளமாக வராவிட்டால் மகன், மகள் அல்லது பேரப்பிள்ளை ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கவனிக்க: தொண்டை வழியாகக் குழாய் செலுத்தி எடுக்கும் எக்கோவும், உடற்பயிற்சி செய்ய வைத்து எடுக்கும் எக்கோவும் வேறு வகை. அவற்றுக்கு உண்ணாமல் இருப்பது போன்ற தனி விதிகள் உண்டு. உங்களுக்கு எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறைக்குள் என்ன நடக்கும்?

மேலாடையைத் தளர்த்தி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். உடலை மூடிக்கொள்ளத் துணி கேட்கலாம். பெண் பணியாளர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்று விரும்பும் பெண்கள், பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

நெஞ்சில் சிறு ஒட்டிகள் ஒட்டப்படும். பிறகு குளிர்ந்த களிம்பைத் தடவி, சிறிய கருவியை விலா எலும்புகளின் இடையே வைத்து நகர்த்துவார்கள். சற்று அழுத்துவதாக இருக்கும். வலித்தால் உடனே சொல்லுங்கள். இடையிடையே “தாஹான் நாஃபாஸ்” என்பார்கள், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் கையசைத்துக் காட்டுங்கள். படுத்தால் மூச்சு முட்டும் என்றால் முதலிலேயே கூறுங்கள், தலைப்பக்கத்தை உயர்த்துவார்கள்.

‘ஷ்... ஷ்...’ என்று சத்தம் கேட்கும். அது இரத்தம் ஓடுவதன் ஒலி. திரையில் சிவப்பும் நீலமும் தெரியும். அவை நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் அல்ல. இரத்தம் கருவியை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதைக் காட்டும் நிறங்கள்.

பரிசோதனை ஏறக்குறைய 30 முதல் 45 நிமிடம் ஆகலாம். ஸ்கேன் எடுப்பவர் பேசாமல் இருந்தால் ஏதோ கெட்ட செய்தி என்று எண்ண வேண்டாம். அவர் அளவெடுப்பதில் கவனமாக இருக்கிறார். முடிவை விளக்குவது மருத்துவரின் பணி.

முடிவை எப்படிப் புரிந்துகொள்வது?

இருதயத்தின் நான்கு அறைகள், நான்கு வால்வுகள், தசைகளின் அசைவு ஆகியவை அறிக்கையில் இருக்கும். சதவீதத்தில் ஓர் எண்ணும் இருக்கும். இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு வெளியேறுகிறது என்பதே அது. இது தேர்வு மதிப்பெண் அல்ல. எந்த இருதயமும் 100 சதவீதம் வெளியேற்றாது. பொதுவாக 55 முதல் 70 வரை இயல்பு. 40க்கும் குறைந்தால் இருதயத் தசை பலவீனமாக இருக்கிறது என்று பொருள். அதற்கும் மருந்துகள் உண்டு. பலருக்கு இந்த எண் சிகிச்சையால் உயர்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். சாதாரண எக்கோ, இருதய இரத்தக் குழாய் அடைப்பை நேரடியாகக் காட்டாது. ஆகவே “எக்கோ நன்றாக இருக்கிறது” என்று சொன்ன பிறகும் நெஞ்சு வலி வந்தால் மீண்டும் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

மருத்துவரிடம் கேட்க மூன்று கேள்விகள்

1. என் இருதயத்தின் பலம் எப்படி இருக்கிறது?
2. வால்வுகளில் குறை உண்டா?
3. மருந்தில் மாற்றம் உண்டா? அடுத்த எக்கோ எப்போது?

அவசரம் என்றால்

நெஞ்சை அழுத்தும் வலி, கடும் மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவை ஏற்பட்டால் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். வாயு என்று நினைத்துத் தைலம் தேய்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நீங்களே வாகனம் ஓட்டிச் செல்லவும் வேண்டாம். உடனே 999 எண்ணை அழையுங்கள்.

உங்கள் சந்திப்பு அட்டையை இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். அன்று செல்ல முடியாவிட்டால் சும்மா விட்டுவிடாமல், மருத்துவமனையை அழைத்து வேறு தேதி கேளுங்கள்.