வாழைக்கு இரண்டா, மூன்றா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். உயிரியல் நோட்டில் வாழைக்கு ‘2என் = 3எக்ஸ் = 33’ என்று எழுதி வைத்திருக்கிறாள். இரண்டு என்கிறார்களா, மூன்று என்கிறார்களா? எழுத்துப் பிழையா?
- வாசகி, தொட்டியம்

பதில்: பிழை இல்லைம்மா. இரண்டும் வேறு வேறு கணக்கு. ‘எக்ஸ்’ என்பது ஒரு முழுத் தொகுதியில் எத்தனை குரோமோசோம் என்பது. ‘என்’ என்பது மகரந்தத்துக்கோ சூல்முட்டைக்கோ போய்ச் சேர வேண்டிய எண்ணிக்கை. உடல் செல்லில் இருப்பது ‘2என்’. மனிதருக்கு இரண்டுமே 23 என்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கோதுமையைப் பாருங்கள். ரொட்டிக் கோதுமையின் தொகுதிக்கு 7, செல்லில் ஆறு தொகுதி, ஆக 42, மகரந்தத்தில் 21. அங்கே எக்ஸ் 7, என் 21. (ஆண், பெண் தீர்மானிக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோம்களை இதில் இழுக்க வேண்டாம். அவை வாழைக்குக் கிடையாது.)

வாழையின் தொகுதிக்கு 11. ரொபஸ்டா, பூவன், ரஸ்தாளி, மொந்தன் எல்லாமே மூன்று தொகுதிக்காரர்கள், அதாவது மும்மயம். பூவனில் இரண்டு தொகுதி ‘மூசா அக்குமினேட்டா’ என்ற காட்டு வாழை வழி வந்தவை, ஒன்று ‘மூசா பால்பிசியானா’ வழி. மொந்தனில் இது தலைகீழ். இப்போது 33-ஐ இரண்டாக வகுத்துப் பாருங்கள், பதினாறரை வரும். அரைக் குரோமோசோம் ஏது? மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும் குன்றல் பகுப்பில் ஜோடி ஜோடியாகப் பிரிய வேண்டியவை மும்மூன்றாக நிற்கின்றன. ஒன்று இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் என்று கண்டபடி சிதறுகின்றன. அப்படி உருவாகும் பாலணுக்களில் பெரும்பாலானவை உதவாது. பூவன் பழத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் தெரியும் கரும்பொட்டுகள், விதையாகாமல் நின்றுபோன சூல்கள்தான்.

ஆனால் ‘மூன்று தொகுதி, அதனால் விதை இல்லை’ என்று முடித்துவிடுவது பாதி உண்மை. கன்னியாகுமரி மட்டிக்கும், ஏலக்கி என்று விற்கும் நெய்ப்பூவனுக்கும் இரண்டே தொகுதி, 22 குரோமோசோம். அவற்றிலும் விதை இல்லை. கருவுறாமலே காய் சதைப்பற்றோடு பருப்பது வாழைக்குத் தனியாக வாய்த்த மரபுக் குணம். விதையில்லாத் தர்ப்பூசணிக்கு அது இல்லை. அதுவும் மும்மயம்தான், ஆனால் பக்கத்தில் விதையுள்ள ரகத்தை நட்டு, தேனீ அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் காய் பிடிக்கும்.