கப்ளர் அத்தியாவசியமா?

ஊரடங்கு கால ஆன்லைன் ஷாப்பிங் என்றதும் பலருக்கும் கிடைக்காத டெலிவரி ஸ்லாட்தான் ஞாபகம் வரும். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய தலைவலி, எது அத்தியாவசியம் என்ற கேள்வி. 2020 மார்ச் 25 முதல் மளிகை, மருந்து போன்றவற்றுக்குத்தான் அனுமதி. மிக்ஸி ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளர் தேய்ந்துவிட்டால் வீட்டில் சட்னி கிடையாது. ஆனாலும் கப்ளர் அத்தியாவசியம் இல்லை. ஏப்ரல் 20 முதல் எல்லாவற்றையும் ஆன்லைனில் விற்கலாம் என்று சொல்லிவிட்டு, அதற்கு முந்தின நாளே கிடையாது என்றார்கள். மே 4-ல் கொரோனா பரவலைப் பொறுத்து மாவட்டங்களைப் பிரிக்கும் மண்டலக் கணக்கு வந்தது. கோவை ஆரஞ்சு, அங்கே கப்ளரும் ஆர்டர் செய்யலாம். சென்னை சிவப்பு. சிவப்புக்குப் பழைய கதைதான். வேளச்சேரியில் நாங்கள் அம்மியைக் கழுவி எடுத்தோம்.

கார்ட்டை நிரப்புவதற்கு முன்பே பின்கோடு போட்டுப் பார்ப்பது அப்போது வந்த பழக்கம், இன்னும் போகவில்லை.

பெரிய ஆப்கள் கைவிரித்தபோது தாங்கியது தெருமுனை அண்ணாச்சி கடையின் வாட்ஸ்அப்தான். அதற்கும் ஒரு முறை உண்டு. 'பருப்பு 1 கிலோ' என்று மொட்டையாக அனுப்பினால் உடனே போன் வரும்: "சார், துவரையா பாசியா? இன்னும் பத்து வீட்டுக்குக் கட்டணும், சட்டுனு சொல்லுங்க." பொருள், எடை, கம்பெனி, அது இல்லாவிட்டால் எது என்று நான்கையும் ஒரே வரியில் எழுத வேண்டும். 'துவரம் பருப்பு 1 கிலோ, இல்லேன்னா பாசி அரை கிலோ. நல்லெண்ணெய் அரை லிட்டர், எந்த கம்பெனியும் ஓகே.' பையைக் கட்டியதும் பில்லைப் படமெடுத்து அனுப்புவார். சரிபார்த்த பிறகே ஜிபே. 2021 மே 24-ல் மளிகைக் கடைகளையும் மூடி, ஒரு வாரம் கழித்து போன் ஆர்டருக்கு அனுமதித்தபோது, பழைய லிஸ்ட்டையே திருத்தி அனுப்பினேன்.

ஆப்களில் வாங்கும்போது ரீஃபண்ட் விஷயத்தில்தான் உஷார் வேண்டும். கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள், ஆப்புக்குள்ளேயே பாருங்கள். நமக்கு வரவேண்டிய பணத்துக்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின்னைக் கேட்டாலோ, கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னாலோ பதில் பேசாமல் போனை வைத்துவிடலாம்.