ஷாக் அப்சரில் கை வைக்கப்போகும் பசங்களுக்கு

குடியாத்தத்துப் பட்டறைகளில் இன்ஜின் பிரிக்க ஆள் இருக்கிறது. ஷாக் அப்சரைப் பொறுமையாகப் பிரிக்கத்தான் ஆள் கம்மி. கற்றுக்கொள்ள வருகிற தம்பிகளுக்குச் சொல்வது இது.

1. பிரிப்பதற்கு முன் சீட்டில் கையை ஊன்றி அழுத்திவிட்டுப் பார். ஒரு தடவை எழும்பி அடங்கிவிட்டால் நல்லது; ஆடிக்கொண்டே இருந்தால் போய்விட்டது. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், அது துள்ளுவதை அடக்குவது எண்ணெய். இரண்டு பேர் ஏறினால் அடியில் இடிக்கிறது என்று வருபவரின் ஸ்பிரிங் படுத்திருக்கும். அவரிடம் எண்ணெய் மாற்றிக் காசு வாங்காதே.

2. எண்ணெய் ஒழுகினால் சீலை மாற்றுவதோடு நின்றுவிடாதே. சீலை அறுத்தது எது என்று தேடு. நம் பக்கத்தில் பல வண்டிகளுக்கு அது உப்பு. பேரணாம்பட்டு, ஆம்பூர் டேனரிகளுக்குப் பச்சைத் தோல் உப்பு போட்டுத்தான் வருகிறது. அதை எக்ஸெல் மொபெட்டில் முன்னும் பின்னும் அடுக்கிக்கொண்டு போகிறவரின் ஃபோர்க் பைப்பைத் துடைத்துவிட்டு, நகத்தால் மேலிருந்து கீழே வருடு. ஊசி முனை அளவுக்கு ஒரு குழி நகத்தில் தட்டும். குரோம் பொத்துக்கொண்ட அந்த இடம் ஒவ்வொரு பள்ளத்திலும் சீலின் உதட்டைச் சுரண்டும். புது சீல் எத்தனை நாளைக்குத் தாங்கும்? பைப்பை மாற்று, இல்லையென்றால் ஹார்டு குரோமுக்குக் கொடு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், ஒழுகுவது நிற்காது.

3. புது சீலைப் பைப்பில் இறக்கும்போது மேல் விளிம்பில் ஒரு பாலிதீன் கவரைச் சுற்றி, எண்ணெய் தடவி இறக்கு. வெறும் விளிம்பு பட்டால் உதடு அங்கேயே கிழியும். சீலை பிரேக் ஆயிலிலோ பெட்ரோலிலோ கழுவாதே, ரப்பர் ஊதிவிடும். (தோல் ஊர்க்காரன் ரப்பரைப் பற்றி இவ்வளவு பேசுகிறானே என்று பார்க்காதே. தோலுக்கும் இதில் ஒரு காலம் இருந்தது: நூறு வருஷத்துக்கு முன் கார்களில் வந்த ஹார்ட்ஃபோர்டு ஷாக் அப்சரில் எண்ணெய் நிரப்புவதே கிடையாது. தகடுகளுக்கு நடுவே தோலை வைத்து உரசவிட்டுத்தான் துள்ளலை அடக்கினார்கள்.)

4. சாதாரண பைக் ஃபோர்க்கில் வால்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஓட்டைகள்தான். ஷிம் என்கிற மெல்லிய வட்டத் தகடுகள் வைத்த பிஸ்டன் வந்தால் கழற்றின வரிசையிலேயே கட்டுக்கம்பியில் கோத்து வை. அமுங்குவதற்கு ஒரு பக்கம், விரிவதற்கு மறுபக்கம், இரண்டையும் கலந்துவிடாதே. மைக்ரோமீட்டர் இல்லாமல் ஷிம்மைத் தொடவே தொடாதே. ஒரே விட்டத்தில் 0.10 மில்லிமீட்டர் ஷிம்மை எடுத்துவிட்டு 0.15 போட்டால் விறைப்பு ஒன்றரை மடங்கு ஆகாது, மூன்று மடங்குக்கு மேல் ஏறும். 0.20 போட்டால் எட்டு மடங்கு. கண்ணுக்கு மூன்றும் ஒரே தகடுதான். ஆகவே ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஷிம்மை மாற்று, பலமனேர் மலை ரோட்டில் ஓட்டிப் பார், நோட்டில் எழுது, அப்புறம் அடுத்ததைத் தொடு.

5. டப்பாவில் 10 டபிள்யூ என்று போட்டிருந்தாலும் எல்லாக் கம்பெனி எண்ணெயும் ஒன்றல்ல. 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்று பார்த்து வாங்கு. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, பைப்பை முழுக்க அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் வரை ஸ்கேல் விட்டு அள. இரண்டு காலும் ஒரே அளவு. கூட ஊற்றினால் மேலே காற்றுக்கு இடம் குறைந்து, அமுங்கும்போது கடைசியில் ஃபோர்க் கல்லாகிவிடும்.

6. கேஸ் ஷாக் அப்சரை வைஸில் கட்டி ஆக்ஸா பிளேடு போடுகிறவனைக் கண்டால் தள்ளி நில். உள்ளே பல பார் அழுத்தம். வால்வு இருந்தால் கேஸை முழுக்க விட்டபிறகு பிரி. திருப்பி ஏற்றுவது நைட்ரஜன் மட்டும், கம்ப்ரஸர் காற்று அல்ல. வால்வே இல்லாமல் மூடி வெல்டு வைத்தது என்றால் புதுசு வாங்கச் சொல்.

7. வடித்த எண்ணெயை கவுண்டன்யா ஆற்றுப் பக்கம் ஊற்றாதே. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்து, வேலூர் வழக்கு என்று 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்ன ஊர்ப்பக்கம் இது. மூடி போட்ட கேன் ஒன்று வை. கழிவு எண்ணெய் எடுப்பவர் வந்தால் அவரிடம் கொடு.