கலங்கிய பையை மறைக்காதீர்கள்!



சிறுநீரகம் செயலிழந்து, வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்பவர் உங்கள் குடும்பத்தில் இருக்கிறாரா? இந்தச் செய்தி உங்களுக்குத்தான்.

வயிற்றில் பொருத்திய மெல்லிய சிலிக்கோன் குழாய் வழியாக டயாலிசிஸ் நீர் உள்ளே போகிறது. கழிவோடு வெளியே வருகிறது. ஆனால் இரத்தத்திலுள்ள கழிவை வடிகட்டுவது குழாய் அல்ல. வயிற்றினுள் இருக்கும் சவ்வுதான்.

"குழாயை எடுத்துட்டா அப்புறம் பிழைக்க முடியாதாமே?" என்று பயந்து சிலர் நோயை மறைத்துவிடுகிறார்கள். இது பெரும் தவறு. கெட்ட குழாயை மாற்றலாம். கெட்ட சவ்வை மாற்ற முடியாது.

அபாய அடையாளங்கள்

1. வெளிவரும் நீர் அரிசி கழுவிய தண்ணீர் போல் கலங்கியிருத்தல்.
2. வயிற்று வலி, காய்ச்சல், வாந்தி.
3. குழாய் வெளிவரும் இடத்தில் சிவப்பு, வீக்கம், சீழ்.

இவற்றில் ஒன்று கண்டாலும் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று இருக்க வேண்டாம். கலங்கிய பையைக் கொட்டிவிடாமல் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். அதைச் சோதித்துத்தான் எந்தக் கிருமி என்று கண்டறிவார்கள்.

குழாயை எப்போது மாற்றுவார்கள்?

பெரும்பாலோருக்கு மருந்திலேயே குணமாகிவிடும். சரியான மருந்து கொடுத்து 5 நாட்களாகியும் நீர் தெளியாவிட்டால், பெரும்பாலும் குழாயை எடுத்துவிடுவார்கள். பூஞ்சைக் கிருமி என்றால் காத்திருக்காமல் எடுப்பார்கள். நோய் முழுவதும் தணிந்து, குறைந்தது 2 வாரமாவது கழித்துப் புதுக் குழாய் வைப்பார்கள். அதுவரை இரத்த டயாலிசிஸ் உண்டு, பயம் வேண்டாம்.

சீழ் வெளித்துவாரத்தோடு நின்று, வயிற்றுக்குள் கிருமி இல்லையானால், பழையதை எடுக்கும்போதே வேறு இடத்தில் புதியதை வைப்பதும் உண்டு.

காலம் தாழ்த்திச் சவ்வு கெட்டுப்போனால், வயிற்று டயாலிசிஸுக்குத் திரும்ப முடியாமலும் போகலாம்.

நீர் சரியாக வடியவில்லையா?

குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, கிளிப் மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலச்சிக்கலாலும் நீர் தடைப்படும். அப்படியும் வடியாவிட்டால் டாக்டரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் குழாயின் நுனி இடம் மாறியிருப்பது தெரிந்தால் சரிசெய்வார். முடியாவிட்டால் குழாயை மாற்றுவார். நீங்களாகக் குழாயைக் குத்தவோ இழுக்கவோ கூடாது.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் டயாலிசிஸ் பை வீடு தேடி வருகிறது. கொண்டு வருபவரிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள், சொல்லுங்கள்.

பை மாற்றுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், முகக்கவசம் அணியுங்கள்.

உடனே சொன்னால் குழாய் மட்டும் போகும். மறைத்தால் உயிரே போகலாம்!