‘அக்ரீ’ அழுத்தினால் அது சம்மதமா?

2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பைத் திறந்ததும் ஒரு அறிவிப்பு வந்து நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? தனியுரிமைக் கொள்கையை மாற்றியிருக்கிறோம், பிப்ரவரி 8-க்குள் ஏற்றுக்கொண்டால்தான் தொடர்ந்து பயன்படுத்த முடியும் என்றது அது. பலரும் படிக்காமலேயே ‘அக்ரீ’ அழுத்திவிட்டு குட்மார்னிங் அனுப்பப் போய்விட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கெடு மே 15-க்குத் தள்ளிப்போனது.

அந்த அறிவிப்புக்காகத்தான் 2024 நவம்பர் 18 அன்று இந்தியப் போட்டி ஆணையம் மெட்டா நிறுவனத்துக்கு ரூ.213.14 கோடி அபராதம் விதித்தது.

கேட்டுத்தானே வாங்கினார்கள், இதில் என்ன தப்பு என்று தோன்றலாம். 2016-ல் கொள்கை மாறியபோது, ‘என் தகவலை ஃபேஸ்புக்குடன் பகிர வேண்டாம்’ என்று சொல்ல ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தவர்களுக்கு 30 நாள் அவகாசம் இருந்தது. 2021-ல் அந்த வழியே இல்லை. ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் கிளம்பு, அவ்வளவுதான். கிளம்புவது லேசான காரியமா? பிள்ளையின் ஸ்கூல் குரூப், மளிகைக்கடை ஆர்டர், துபாயில் இருக்கும் அண்ணனின் வீடியோ கால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. நாம் மட்டும் வேறு ஆப்புக்குப் போய் யாரோடு பேசுவது? இப்படி வேறு வழியில்லாத நிலையில் வாங்கிய சம்மதத்தை, சந்தையில் உள்ள ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகவே ஆணையம் பார்த்தது.

அப்போது சுற்றிய ‘நம்ம மெசேஜை எல்லாம் படிக்கிறாங்க’ என்ற ஃபார்வர்டு மட்டும் சரியல்ல. தனிப்பட்ட உரையாடல்கள் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டப்பட்டவை. சிக்கல் அதைச் சுற்றியுள்ள விவரங்களில்தான்: உங்கள் எண், போன் மாடல், ஐபி முகவரி, எந்த வணிகக் கணக்கோடு தொடர்பு வைத்தீர்கள் என்பவை. விளம்பரக்காரர்களுக்கு இதுவே நிறைய.

மெட்டா மேல்முறையீட்டுக்குப் போனது. விளம்பரத்துக்காக 5 ஆண்டுகள் தகவல் பகிரக் கூடாது என்ற ஆணையத்தின் தடையை, தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் நீக்கியது. ஆனால் அபராதம் நிலைத்தது. நமக்குப் பயன்பட்டிருக்கக்கூடியது அந்தத் தடைதான் என்பது வேறு விஷயம்!

பிரான்ஸில் விஷயம் இன்னும் சின்னது. குக்கீகளை ஏற்க ஒரே கிளிக், மறுக்கப் பல கிளிக். இதற்காகவே ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் என்று அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஜனவரியில் அறிவித்தது.

நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இதே திசையில்தான் பேசுகிறது. சம்மதம் சுதந்திரமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, நிபந்தனையின்றி இருக்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். சம்மதக் கோரிக்கையைத் தமிழிலும் படிக்க வசதி தர வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. ஆனால் சம்மதம் தொடர்பான பிரிவுகள் 18 மாதம் கழித்துத்தான் அமலாகும். அதன்பின் புகார் இருந்தால் முதலில் அந்த நிறுவனத்திடமே சொல்ல வேண்டும். அங்கே தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அணுகலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே போனின் செட்டிங்ஸில் ஒவ்வொரு ஆப்புக்கும் என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். டார்ச் லைட் ஆப்புக்கு உங்கள் கான்டாக்ட்ஸ் எதற்கு? அதை அங்கேயே நிறுத்திவிடலாம்.